ஆகஸ்டில் ஊவாவுக்கு வேன் எடுத்து வருகிறவர்களுக்கு

ஆகஸ்ட் பிறந்தால் கொழும்பு, யாழ்ப்பாணம் என்று எங்கெங்கோ இருந்து நண்பர் கூட்டங்கள் வேனில் படுக்கை போட்டுக்கொண்டு ஊவா மாகாணத்து வெலிமடை, பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கம் முகாமுக்கு வருகின்றன. தாராளமாக வரட்டும். அந்த மாதத்து ஊவாப் பத்தனையை, அதாவது புல்வெளி மலையைப்போல நிறம் காட்டுகிற இடம் மலைநாட்டில் வேறெங்கும் இல்லை என்பது என் அபிப்பிராயம். தென்மேற்குப் பருவக்காற்று மழையை ஹட்டன், நுவரெலியாப் பக்கமே கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி இந்தப் பக்கம் வெறும் கச்சானாக, வறண்ட காற்றாக இறங்குகிறது. மானாப்புல் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். வெட்டிய மேடெல்லாம் செங்கல் சிவப்பு, இடுக்கில் மரக்கறித் தோட்டத்துப் பச்சை, உச்சியில் டர்பன்டைன் மரங்கள்.

ஆனால் கூடாரத்துக்கும் ஸ்பீக்கருக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கிற கூட்டம், பிரேக் ஒயிலை எப்போது மாற்றினோம் என்று கேட்டால் முழிக்கிறது. இது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம்.

பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டொட் 3 (DOT 3) ரக ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய ஒயில் 140 பாகையிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி விழும், மிதித்தால் பெடல் பஞ்சுபோல் அடிவரை போகும், வேன் நிற்காது. எட்டுப் பேர், 40 லீற்றர் தண்ணீர், கேஸ் சிலிண்டர், இரண்டாவது பற்றரி எல்லாம் ஏற்றிய பழைய டொல்பின் வேன், பெரகலையில் இருந்து கொஸ்லந்தை வழியாக வெல்லவாய இறங்கும்போது காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்தால் நடப்பது இதுதான். ஆகவே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒயிலை முழுதாக மாற்றுங்கள். இறக்கம் தொடங்குமுன்பே, அதே மலையை ஏற எந்தக் கியர் வேண்டுமோ அதைப் போடுங்கள். அநேகமாக இரண்டாவதாக இருக்கும். ஒட்டோ கியர் வேன் என்றால் ‘2’ அல்லது ‘எல்’. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற பழக்கம் ஆளைக் கொல்லும். பிரேக்கை அழுத்தமாக, கொஞ்ச நேரம் பிடித்து, முழுதாக விடுங்கள். எரிந்த வாடை வந்தால் சமமான இடமாகப் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சில்லுக்குக் கட்டை கொடுத்து, அரை மணித்தியாலம் ஆற விடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் நெளிந்துவிடும். கைப்பிரேக்கையும் இழுத்து வைக்காதீர்கள். சூட்டில் விரிந்த டிரம் ஆறும்போது சுருங்கி, இறுகிக்கொள்ளும்.

அடுத்தது வேனை நிறுத்தும் இடம். நல்ல காட்சி தெரிகிறது என்று காய்ந்த மானாவின் மேல் ஏற்றி நிறுத்துகிறார்கள். ஓடி வந்த வேனின் சைலன்சர் சூடே அந்தப் புல்லுக்குப் போதும். கச்சான் அடிக்கிற நேரத்தில் பற்றினால் ஓடியும் தப்ப முடியாது, தீ மலையேறும் வேகம் அப்படி. அடுப்பை வெறும் தரையில், சுற்றிலும் இரண்டு மீற்றர் புல் இல்லாத இடத்தில், வேனின் காற்று மறைவில் வையுங்கள். ஒரு வாளி தண்ணீர் பக்கத்திலேயே இருக்கட்டும். எரிந்த பத்தனையின் மண்ணைத்தான் ஒக்டோபர் மழை ஓடைக்கு இழுத்துக்கொண்டு போகிறது. அந்த மழைக்காலத்தில் வருவதென்றால் வெட்டிய மண்மேட்டின் அடியில் நிறுத்தவே வேண்டாம். மீரியபெத்தைத் தோட்டம் மண்சரிவில் புதைந்தது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. தரையில் புது வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், திடீரென்று கலங்கிய ஊற்று, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் இரவென்று பாராமல் கிளம்புங்கள்.

இரவுக் குளிர் இன்னொரு பொறி. ஆயிரம் மீற்றர் ஏறினால் சுமார் ஆறரைப் பாகை குறையும், அதோடு காற்றும் சேர்ந்தால் எல்லா ஜன்னலையும் இழுத்து மூடிவிடுகிறார்கள். கோழி சுட்ட கரியடுப்பைச் சூட்டுக்காக உள்ளே எடுத்து வைக்கிறவர்களும் உண்டு. சாம்பல் பூத்து அணைந்ததுபோல் கிடக்கிற கரிதான் கார்பன் மொனொக்சைட் என்ற நச்சுவாயுவைக் கக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தலையிடி, குமட்டல், தள்ளாட்டம் வரும். குடித்ததால் என்று நினைத்து அப்படியே படுத்துவிடுவார்கள். ஒருவருக்குத் தலையிடி என்றாலும் எல்லோரும் வெளியே இறங்கி, ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்ட வேண்டும். கரியடுப்பு வேனுக்குள் வரவே கூடாது. கேஸ் அடுப்பில் தேத்தண்ணீர் வைப்பதும் வெளியேதான். எதிரெதிர் மூலையில் இரண்டு ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்துத் தூங்குங்கள். விடியும்போது கூரையிலிருந்து சொட்டி மெத்தையை நனைக்கும் மூச்சு ஈரமும் அதோடு குறையும்.

தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுவாருங்கள். தோட்டங்களுக்குக் கீழே ஓடும் ஓடைத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமி சாகும், மரக்கறிக்கு அடித்த மருந்து போகாது. மலசலத்துக்கு ஓடையிலிருந்து 60 மீற்றராவது தள்ளி, ஒரு சாண் ஆழம் தோண்டி மூடுங்கள். ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கு மேல்பக்கம் கூடவே கூடாது, கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயம் முழுக்க அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறது.

தேயிலைத் தோட்டத்து நிலமென்றால் துரையிடம், அதாவது தோட்ட முகாமையாளரிடம் கேட்டு, காவல்கார வாச்சருக்கும் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். கொழுந்து லொறி திரும்புகிற முடக்கை அடைக்காதீர்கள். பீலியில் கை கால் கழுவுவதென்றால், வேலைக்குப் போகும் பெண்கள் காலையில் குடம் நிரப்பி முடித்த பிறகு போங்கள்.