இரண்டு கேபிளை இணைத்தால் ஐஸ்கஸி இரட்டை வேகத்தில் ஓடாது

"இஎஸ்எக்ஸ்ஐ சர்வரிலும் ஸ்டோரேஜிலும் இரண்டு 1 ஜிகாபிட் போர்ட்டுகளை எல்ஏசிபி-யில் இணைத்தால் ஐஸ்கஸி 2 ஜிகாபிட்டில் ஓடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (இஎஸ்எக்ஸ்ஐ என்பது ஒரே கணினியில் பல மெய்நிகர் கணினிகளை ஓட்டும் விஎம்வேர் மென்பொருள். ஐஸ்கஸி, நெட்வொர்க் வழியாக ஸ்டோரேஜை வட்டுபோலப் பயன்படுத்தும் முறை. எல்ஏசிபி, பல கேபிள்களை ஒரே இணைப்பாகச் சேர்க்கும் முறை.) இதை நம்பி யாரும் ஸ்விட்சில் கை வைத்துவிடக் கூடாது என்பதால் சொல்கிறேன்: அப்படி ஓடாது.

எல்ஏசிபி பாக்கெட்டுகளை இரண்டு கேபிளிலும் மாறி மாறி அனுப்புவதில்லை. ஐபி, போர்ட் எண் போன்றவற்றை வைத்துக் கணக்கிட்டு, ஒரு டிசிபி இணைப்பு முழுவதையும் ஒரே கேபிளில் போடுகிறது. ஒரு சர்வர், ஒரு டார்கெட் (ஸ்டோரேஜ் முனை), இரண்டுக்கும் இடையே ஒரே இணைப்புள்ள ஒரு செஷன் என்றால் நொடிக்குச் சுமார் 110 மெகாபைட்தான் உச்சம். இன்னொரு கேபிள் சும்மா கிடக்கும். பல சர்வர்கள் ஒரே ஸ்டோரேஜைப் பயன்படுத்தும்போது சுமை பிரியலாம், அது வேறு விஷயம்.

ஐஸ்கஸிக்குச் சரியான வழி மல்டிபாத், அதாவது ஸ்டோரேஜுக்குப் பல தனிப் பாதைகளை வைத்துக்கொள்வது. இரண்டு விஎம்கெர்னல் போர்ட் (இஎஸ்எக்ஸ்ஐ தன் சொந்த வேலைக்குப் பயன்படுத்தும் நெட்வொர்க் முகப்பு), ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு ஆக்டிவ் நெட்வொர்க் கார்டு. இரண்டும் ஒரே சப்நெட்டில் (ஐபி முகவரித் தொகுதியில்) இருந்தால் போர்ட் பைண்டிங் வேண்டும், அதாவது அந்த போர்ட்டுகளை ஐஸ்கஸியோடு பிணைக்க வேண்டும். தனித்தனி சப்நெட் என்றால் தேவையில்லை. அப்புறம் பாதைத் தேர்வை ரவுண்ட் ராபினுக்கு (பாதைகளை முறை வைத்து மாற்றும் முறைக்கு) மாற்றுங்கள். இயல்பாக 1000 கட்டளைக்கு ஒருமுறைதான் பாதை மாறும். ஸ்டோரேஜ் தயாரிப்பாளர் பரிந்துரைத்தால் அதைக் குறைக்கலாம்.

இன்னொன்று, மென்பொருள் ஐஸ்கஸி போர்ட் பைண்டிங்கோடு எல்ஏசிபி-யைச் சேர்த்துப் பயன்படுத்துவதை விஎம்வேர் ஆதரிப்பதே இல்லை.