அது டூர் இல்லைங்க, அவர் வேலை பார்த்த இடம்

2020 கொரோனா சமயத்துல மாலத்தீவு ரிசார்ட்ல எங்க பாப்பாவை எடுத்த பழைய போட்டோ ஒண்ணை ஞாயித்துக்கிழமை போட்டேன். அதுக்குக் கீழ என்ன நடந்துச்சுன்னு இங்க இருக்கிற முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். அதை ஒவ்வொண்ணா திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பு இல்ல. "ஊரே மூச்சுக்குத் திண்டாடுனப்போ குடும்பத்தோட மாலத்தீவுல சொகுசா இருந்தவங்க"ன்னு ஒருத்தர் எழுதினார். அதுக்குச் சிரிக்கிற பொம்மை போட்டவங்கள்ல எங்க கல்யாணத்துல பந்தி பரிமாறினவங்களும் இருக்காங்க. எங்க வீட்டுக்காரர் "விடு, பேசறவங்க பேசிட்டுப் போகட்டும்"னார். என்னால விட முடியல. அவர் பாவம், யாரையும் எதிர்த்துப் பேச மாட்டார். அதனாலதான் நான் எழுதறேன்.

முதல்லயே சொல்லிடறேன். அது டூர் இல்ல. அது அவர் வேலை பார்த்த இடம். பின்னாடி கடல் நீலமா தெரிஞ்சா அது டூர் ஆயிடாது.

2020 பிப்ரவரி கடைசியில பாப்பாவைக் கூட்டிக்கிட்டு அங்க போனேன். அவர் அந்த ரிசார்ட்ல மெயின்டனன்ஸ் இன்ஜினியர். வருஷத்துக்கு ஒரு லீவுதான் ஊருக்கு வருவார். மேனேஜ்மென்ட்ல அனுமதி கேட்டு, "கொஞ்ச நாள் குடும்பத்தை வெச்சுக்கலாம்"னு சொன்னதால போனோம். மார்ச் 7ஆம் தேதி மாலத்தீவுல முதல் தொற்று, அதுவும் ரிசார்ட் ஊழியர்களுக்கு. 12ஆம் தேதி அங்க சுகாதார அவசரநிலை. 22ஆம் தேதி நம்ம நாட்டுக்குள்ள வெளிநாட்டு விமானமே வரக்கூடாதுன்னுட்டாங்க. 27ஆம் தேதி அவங்களும் சுற்றுலா விசாவை நிறுத்திட்டாங்க. கடைசி விருந்தாளியும் கிளம்பினதுக்கு அப்புறம் அந்தத் தீவுல மிஞ்சினது வேலைக்காரங்க மட்டும்தான். அதுலயும் பாதிப் பேரைச் சம்பளம் இல்லாத லீவுன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. மத்தவங்க போக வழியில்லாம நின்னாங்க.

விருந்தாளி இல்லேன்னா வேலையும் இல்லேன்னு நினைக்கறீங்க இல்லையா? அங்கதான் தப்பு. ஒரு தீவுன்னா ஒரு ரிசார்ட்தான். நம்ம ஊர் மாதிரி ஈபி கம்பி வராது, முனிசிபாலிட்டித் தண்ணி வராது. கரண்ட் வேணும்னா டீசல் ஜெனரேட்டர் ஓடணும். குடிக்கத் தண்ணி வேணும்னா கடல் தண்ணியை ஆர்ஓ பிளான்ட்ல சுத்தம் பண்ணணும். கழிவு நீரையும் அங்கயே சுத்திகரிக்கணும். இதுல ஒண்ணு நின்னாலும் தீவுல மனுஷன் இருக்க முடியாது. 2014 டிசம்பர்ல தலைநகர் மாலேவுல அந்தக் கடல்நீர் பிளான்ட்ல தீப்பிடிச்சு, ஒரு நகரமே குடிக்கத் தண்ணி இல்லாம நின்னுச்சு. இந்தியாவுல இருந்து விமானத்துலயும் கப்பல்லயும் தண்ணி போச்சு. தலைநகருக்கே அந்தக் கதின்னா, கடலுக்கு நடுவுல இருக்கிற ஒரு குட்டித் தீவுக்கு யார் வருவா?

எங்க வீட்டுக்காரர் பிறந்தது பாலக்கோடு பக்கம். அந்தப் பக்கம் போர் தண்ணியில ஃப்ளோரைடுன்னு சொல்ல வேண்டியதில்ல, அந்தக் காலத்து ஆளுங்க பல்லைப் பார்த்தாலே தெரியும். ஒகேனக்கல் தண்ணி குழாயில வர்றதுக்கு முன்னாடி வளர்ந்தவர் அவர். தண்ணின்னா என்னன்னு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ராத்திரி ரெண்டு மணிக்கு பிளான்ட்ல பிரஷர் குறையுதுன்னு போன் வந்தா, சட்டையைக்கூட மாட்டாம ஓடுவார். நான் பார்த்திருக்கேன். "அமைதியான தீவு"ன்னு கமெண்ட்ல எழுதியிருக்கீங்க. அந்தத் தீவுல ராவும் பகலும் ஜெனரேட்டர் சத்தம் ஓயாது. ஸ்டாஃப் குவார்ட்டர்ஸ் அதுக்குப் பக்கத்துலதான். அந்தச் சத்தம் நின்னாத்தான் எங்களுக்குத் திக்குன்னு இருக்கும்.

இப்போ அந்த போட்டோவுக்கு வர்றேன். "தண்ணி மேல கட்டின வில்லாவுல போஸ் கொடுக்குது பாருங்க குழந்தை"ன்னு எழுதினீங்க. அதைப் பெருசாக்கிப் பாருங்க. பாப்பாவுக்குப் பின்னாடி மெத்தை நிமிர்த்திச் சுவத்துல சாய்ச்சு வெச்சிருக்கும். விருந்தாளி தங்கற அறையில மெத்தையை அப்படியா வைப்பாங்க? ஆள் இல்லாத அறையில உப்புக் காத்துக்கும் ஈரத்துக்கும் பூஞ்சை பிடிக்கும், அதனால தூக்கி நிறுத்தி வெச்சிருந்தாங்க. ஒவ்வொரு வில்லாவா போய், கதவைத் திறந்து, எல்லாக் குழாயையும் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஃப்ளஷ் பண்ணி, ஏசியைச் சித்த நேரம் போட்டு நிறுத்திட்டு வரணும். தண்ணி குழாய்க்குள்ளயே தேங்கி நின்னா அதுல கிருமி வளரும். ஆள் குறைஞ்சதால அந்த வேலையும் இவர் தலையில. குவார்ட்டர்ஸ்ல அடைஞ்சு கிடந்த பாப்பா "நானும் வர்றேன்ப்பா"ன்னு அழுதா. கூட்டிட்டுப் போனார். குழாயைத் திறந்து "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு எண்றது அவ வேலை. அப்படி ஒரு நாள் எடுத்த போட்டோ அது. அப்பா கையில ஸ்பேனர் இருக்கு, அது ஃபிரேமுக்கு வெளிய இருக்கு. அவ்வளவுதான்.

"சம்பளம் டாலர்ல வந்திருக்குமே"ன்னு ஒருத்தர். அது யாருன்னு எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஏப்ரல்ல பாதிச் சம்பளம்னாங்க. அப்புறம் அதுவும் இல்ல, சாப்பாடும் அறையும் மட்டும்னாங்க. மாலத்தீவுக்கு 2019ல சுமார் 17 லட்சம் சுற்றுலாப் பயணிங்க வந்தாங்க. 2020ல அது அஞ்சரை லட்சம். அவங்க பொழைப்பே சுற்றுலாதான், காசு எங்கிருந்து வரும்? கம்பெனியை நான் திட்டல. ஆனா இங்க பாலக்கோட்டுல மாமியாருக்குச் சுகர் மாத்திரை வாங்கணும், வீட்டுக் கடனுக்குத் தவணை கட்டணும். என் தாலிக்கொடி தவிர மத்த நகையெல்லாம் என் தம்பி போய்த்தான் அடகு வெச்சான், அதுவும் காவேரிப்பட்டணத்துல இருந்து கடை திறக்கிற நேரம் பார்த்து ஓடி. அந்த நகையைத் திருப்பி முடிச்சது போன வருஷம்தான். இதையெல்லாம் நான் போட்டோ எடுத்துப் போடல. போட்டிருந்தா அதுக்கு என்ன பொம்மை போட்டிருப்பீங்க?

"கப்பல் விட்டாங்களே, வந்திருக்கலாமே"ன்னு ஒரு அக்கா கேட்டிருந்தாங்க. அவங்க நிஜமாவே தெரியாமத்தான் கேட்டாங்கன்னு நம்பறேன், அதனால பொறுமையா சொல்றேன். ஆமாக்கா, கப்பல் விட்டாங்க. மே மாசம் நம்ம கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் ஜலாஷ்வா 698 பேரை மாலேவுல இருந்து கொச்சிக்குக் கொண்டு வந்துச்சு. ஜூன் 7ஆம் தேதி 700 பேரைத் தூத்துக்குடிக்கே கொண்டு வந்துச்சு. அந்தச் செய்தியை செல்போன்ல பார்த்துட்டு நான் அழுதேன். ஆனா கர்ப்பிணிங்க, நோயாளிங்க, வேலை போனவங்களுக்குத்தான் முதல்ல இடம், அதுதான் நியாயமும்கூட. அதோட, கப்பலேற நாங்க மாலேவுக்குப் போகணும். மாலேவுல அப்போ தொற்று பரவி ஊரையே அடைச்சு வெச்சிருந்தாங்க. தொற்றே இல்லாத தீவுல இருந்து சின்னக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு, தனியா, தொற்று இருக்கிற ஊர் வழியா எப்படிப் போறது? அவர் கிளம்ப முடியாது, அவர் கிளம்பினா பிளான்ட்டைப் பார்க்க இன்னொரு ஆள் இல்ல. அவரை விட்டுட்டு வர எனக்கு மனசு வரல. இதுல என்ன தப்பு? குடும்பம்னா அதுதானே?

"நீங்க பத்திரமாத்தானே இருந்தீங்க, இங்க எத்தனை பேர் செத்தாங்க"ன்னு கேக்கறாங்க. சரி, பத்திரமா இருந்தோம். அதை நான் எங்கயும் இல்லேன்னு சொல்லல. ஆனா ஒருத்தர் பத்திரமா இருந்ததே குத்தம்னா நான் அதுக்கு என்ன பதில் சொல்றது? 2020 மே 1ஆம் தேதி வந்த கொரோனா மண்டலப் பட்டியல் ஞாபகம் இருக்கா? தமிழ்நாட்டுலயே பச்சை மண்டலம்னு இருந்தது நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் ஒண்ணுதான். எங்கம்மா போன்ல எவ்வளவு பெருமையா சொன்னாங்க தெரியுமா? அன்னிக்குச் சென்னைக்காரங்க யாராவது வந்து "நீங்க சொகுசா இருக்கீங்க"ன்னு நம்மளைக் கேட்டாங்களா?

இன்னொண்ணு. சினிமாக்காரங்க மாலத்தீவு கடற்கரையில இருந்து வரிசையா போட்டோ போட்டது 2020 கடைசியிலயும், 2021 ஏப்ரல்ல ரெண்டாவது அலை தொடங்கினப்பவும். அந்தக் கோபம் எனக்கும் இருந்துச்சு. அந்த மே 13ல இருந்து நம்ம நாட்டையும் சேர்த்துத் தெற்காசியக்காரங்க யாரும் வர வேண்டாம்னு மாலத்தீவே விசாவை நிறுத்திடுச்சு. ஆனா அப்போ நாங்க ஊர்ல இருந்தோம். பாலக்கோட்டுல, உங்க தெருவுலயேதான் இருந்தோம். ஆக்சிஜன் படுக்கைக்கு அலைஞ்ச உங்க வீட்டு ஆளுக்காக தர்மபுரிக்கும் சேலத்துக்கும் போன் அடிச்சவர் எங்க வீட்டுக்காரர்தான். சினிமாக்காரங்க மேல இருந்த கோபத்தை எதுக்கு எங்க மேல எறக்கி வைக்கிறீங்க? காசு கொடுத்து அறை எடுத்தவனும் அந்த அறைக்குக் குழாய் மாட்டினவனும் ஒண்ணா?

சாப்பாடு பத்தியும் ஒருத்தர் கேட்டிருந்தார், தினம் நண்டும் மீனுமான்னு. மீன் இருந்துச்சு, நம்ம ஆளுங்களும் வங்கதேசத்துப் பசங்களும் படகுத்துறையில உக்காந்து தூண்டில் போட்டுப் பிடிச்சது. அரிசி, பருப்பு, வெங்காயம் எல்லாம் படகுல வரணும். படகு தள்ளிப் போனா காய்கறி கிடையாது. முருங்கை மரம் அங்கயும் உண்டு, அதுதான் எங்களைக் காப்பாத்துச்சு. மாமியார் கொடுத்துவிட்ட கேழ்வரகு மாவை டப்பாவுல அடைச்சு வெச்சு, கொஞ்சம் கொஞ்சமா எடுத்துக் களி கிண்டினேன். களி கிண்டுற துடுப்பு இல்ல, கிச்சன்ல இருந்து ஒரு மரக்கரண்டி வாங்கிக் கிண்டினேன், கட்டி தட்டிப் போச்சு. பக்கத்து அறையில இருந்த அரூர் தம்பி வாசனைக்கே எழுந்து வந்து நின்னான். முருங்கைக்கீரைக் கடைசலும் களியும் தின்னுட்டு அவன் தேம்பித் தேம்பி அழுததை நான் மறக்க மாட்டேன். அவனுக்கு ஊர்ல கல்யாணம் நிச்சயம் ஆகி நின்னு போயிருந்துச்சு.

ஜூன்ல பாப்பாவுக்கு ஒண்ணாம் வகுப்பு ஆன்லைன்ல ஆரம்பிச்சாங்க. ரிசார்ட் கடிகாரம் நம்ம ஊர் நேரத்துக்கு அரை மணி முன்னாடி ஓடும், சிக்னல் ஆபீஸ் பக்கத்துல மட்டும்தான் நல்லா கிடைக்கும். வெளிப்படிக்கட்டுல உக்கார வெச்சு, வெயிலுக்குத் துணி பிடிச்சுக்கிட்டு நான் நிப்பேன். டீச்சர் "உன் வீட்டுக்குப் பின்னாடி என்ன கடலா?"ன்னு ஆசையாக் கேட்டாங்க. அவங்க கேட்ட விதமும் உங்க கமெண்ட்டும் ஒண்ணு இல்ல. கேக்கற மனசு எனக்குத் தெரியாதா?

எனக்கு வலிக்கறது அந்த ஒரு வரி இல்ல. நம்ம ஜில்லாவுல வெளிய போய்ப் பொழைக்காத வீடு எது? பெங்களூருல சென்ட்ரிங் வேலைக்குப் போறான், திருப்பூருக்குப் போறான், ஓசூர் கம்பெனிக்குப் போறான். அந்த மார்ச்சுல பெங்களூருல இருந்து நடந்து வந்த பசங்களை ஊருக்குள்ள விடாம ஏரிக்கரையில நிறுத்தினது யாரு? இருந்தாலும் குத்தம், வந்தாலும் குத்தம். எங்க மாமியார் வாசல்ல கோலம் போடும்போது தினம் ஒருத்தர் நின்னு "மகன் அங்க ராஜா மாதிரி இருக்கான், உனக்கென்ன"ன்னு கேட்டுட்டுப் போவாங்களாம். அந்தம்மா மாத்திரையைப் பாதியா உடைச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்த மாசம் அது. எங்ககிட்ட சொல்லவே இல்ல. நாங்க வந்ததுக்கு அப்புறம், உடைச்ச பாதி மாத்திரைங்களை ஒரு விபூதி டப்பாவுல பார்த்துத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். அந்த டப்பாவைக் கையில வெச்சுக்கிட்டு எங்க வீட்டுக்காரர் பேசாம உக்காந்திருந்தார். நீங்க எல்லாம் சொல்ற சொகுசு இதுதான்.

"எதுக்கு இப்போ பழைய போட்டோ போடறே"ன்னு கேக்கறவங்களுக்கு: என் குழந்தை, என் புருஷன், என் வாழ்க்கை. போடுவேன்.

கடைசியா, முதல் கமெண்ட் போட்ட பங்காளி வீட்டு மாமாவுக்கு. பேர் சொல்ல மாட்டேன், மரியாதை இருக்கு. 2022ல நீங்க எங்க வீட்டுத் திண்ணையில உக்காந்து, "என் பையனுக்கும் அங்க ஒரு வேலை பாத்துக் குடுப்பா"ன்னு இவர் கையைப் பிடிச்சுக் கேட்டீங்க. இவர் தெரிஞ்ச ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசினார், பையன் இப்போ ஹவுஸ்கீப்பிங்ல இருக்கான். நல்ல பையன், போன் பண்ணா என்கிட்டயும் பேசுவான். இன்னிக்கு ராத்திரி அவன் ஷிஃப்ட் முடிஞ்சதும் கூப்பிட்டு நீங்களே கேளுங்க மாமா. அவன் அறையில எத்தனை பேர் படுக்கறாங்க, கடைசியா எப்போ கடல்ல கால் நனைச்சான், விருந்தாளிங்க இருக்கிற பக்கத்துக் கரைக்கு அவன் வேலை இல்லாத நேரத்துல போக முடியுமான்னு கேளுங்க. அவன் சொல்றதைக் கேட்டுட்டு வந்து இதுக்குக் கீழ எழுதுங்க.