ஸ்னேப் - லில்லி: ஒரு சின்ன திருத்தம்
ஹாரி பாட்டர் கதையில ஹாரியோட அப்பா அம்மா ஜேம்ஸும் லில்லியும்; ஸ்னேப் அவங்களோட மந்திரப் பள்ளியில படிச்சவர். ‘ஸ்னேப்பும் லில்லியும் காதலர்கள், ஜேம்ஸ் பாட்டர் நடுவுல புகுந்து பறிச்சுட்டார்’னு ஒருத்தர் எழுதியிருக்கார். புத்தகத்துல அப்படி இல்லைங்க. ஸ்னேப்பும் லில்லியும் சின்ன வயசு நண்பர்கள், அவ்வளவுதான். காதல் ஸ்னேப் பக்கம் மட்டும். அந்த நட்பை உடைச்சதும் ஜேம்ஸ் இல்லை. பள்ளியில ஐந்தாம் ஆண்டுல, எல்லார் முன்னாடியும் லில்லியோட பிறப்பைச் சொல்லி ‘மட்பிளட்’னு (மந்திரம் தெரியாத பெற்றோருக்குப் பிறந்தவங்களை இழிவா சொல்ற வார்த்தை) ஏசினது ஸ்னேப்பேதான். அன்னிக்கு ராத்திரி லில்லி தங்கியிருந்த கிரிஃபிண்டார் விடுதி வாசல்ல, நீ வரலைன்னா இங்கேயே படுத்துக்குவேன்னு அவன் அடம்பிடிக்க, இரவு உடுப்போட வந்து நின்ன லில்லி, மன்னிப்பை ஏத்துக்காமலே உள்ளே போயிடுவா. லில்லி ஜேம்ஸைக் காதலிச்சுப் பழக ஆரம்பிச்சது ஏழாம் ஆண்டுலதான்; ஜேம்ஸோட நண்பர் லூபின் வாயாலேயே வருது. ஹாரி தன் பையனுக்கு ஆல்பஸ் செவரஸ்னு பேர் வச்சதும் ஸ்னேப்போட துணிச்சலுக்காக. (அந்தப் பேர் எனக்கு இன்னும் ஒட்டலை, அது வேற கதை.)