தமிழில் தேடினால் பைத்தான் தப்பான இடம் காட்டுகிறதா?

"பைத்தான் நிரல்மொழியின் ஃபைண்ட் (ஒரு சொல் எங்கே இருக்கிறது என்று தேடும் கட்டளை) தமிழுக்கு ஒத்துவராது. 'தமிழ்' என்பதில் 'ழ்' எங்கே என்று கேட்டால் 3 என்கிறது. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் 2 அல்லவா வர வேண்டும்?" இப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. 3 வருவது உண்மைதான். அதைப் பிழை என்பதுதான் தவறு.

ஃபைண்ட் எண்ணுவது நாம் வாயால் சொல்லும் எழுத்துகளை அல்ல, யூனிகோட் (கணினியில் எழுத்துகளுக்கு எண் தரும் தரநிலை) குறிகளை. த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று மொத்தம் 5 குறிகள். அந்த வரிசையில் ழ நிற்பது 3இல்தான். அந்த 3இலிருந்து சரத்தை (எழுத்துத் தொடரை) வெட்டிப் பாருங்கள், 'ழ்' முழுசாகக் கையில் வரும். ஜாவாஸ்கிரிப்ட்டின் இண்டெக்ஸ்ஆஃப்பும் 3 என்றே சொல்லும். கோ மொழியோ 9 என்னும்! அது பைட்டுகளை எண்ணுகிறது. யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட்.

உண்மையில் காலை வாருவது வேறு இடம். 'தமிழ்' என்பதில் 'ம' தேடினால் 1 கிடைக்கும், ஆனால் அங்கே இருப்பது 'மி'. அப்புறம் 'கொ': அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. உரை ஒரு விதம், தேடுசொல் இன்னொரு விதம் என்றால் -1தான் வரும், அதாவது 'கிடைக்கவில்லை'. தேடுவதற்கு முன் இரண்டையும் பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுப்பிலுள்ள நார்மலைஸ் மூலம் என்எஃப்சி என்ற ஒரே சீரான வடிவுக்கு மாற்றிவிடுங்கள்.

இல்லை, எழுத்துக் கணக்குதான் வேண்டும் என்றால் ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) இருக்கிறது. அதன் கெட்_லெட்டர்ஸ் சொல்லை மூன்று எழுத்தாகப் பிரித்துத் தரும்; அந்தப் பட்டியலில் 'ழ்' 2இல் இருக்கும்.