நிப்சி ஹசில் வைத்த விலை

2013 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸைச் சேர்ந்த ராப் பாடகர் நிப்சி ஹசில், 'கிரென்ஷா' என்ற தம் மிக்ஸ்டேப்பை (ஆல்பமாக அல்லாமல் வெளியிடும் பாடல் தொகுப்பை) யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தரவிறக்கிக்கொள்ளலாம் என்று இணையத்தில் வெளியிட்டார். கூடவே, அதே பாடல்கள் அடங்கிய குறுந்தகட்டில் ஆயிரம் படிகளை மட்டும் தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் நூறு டாலர் விலை வைத்தார். ஒரே நாளில் அத்தனையும் விற்றுத் தீர்ந்தன. புகழ்பெற்ற ராப் பாடகர் ஜே-ஸி மட்டும் நூறு படிகளை வாங்கினார்.

இதை வெறும் விளம்பர உத்தி என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஸ்ட்ரீமிங்கில் ஒரு பாடலை ஒருவர் ஒரு முறை கேட்டால் பாடியவர் தரப்புக்குப் பொதுவாக அரை சென்ட்கூடத் தேறுவதில்லை. அந்தக் கணக்கில் ஒரு லட்சம் டாலர் சேர வேண்டுமானால் குறைந்தது இரண்டு கோடி முறை பாடல் ஓட வேண்டும். நிப்சிக்கோ ஆயிரம் படிகள் போதுமானவையாக இருந்தன. இன்றைய நிலை இன்னும் கடினமானது. 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறைகூடக் கேட்கப்படாத பாடலுக்கு ஸ்ட்ரீமிங் தளமான ஸ்பாட்டிஃபை ராயல்டியே (உரிமைத்தொகையே) தருவதில்லை. புதிதாக வரும் கலைஞரின் முதல் ஆயிரம் கேட்புகள்தாம் அவர் உயிரைக் கொடுத்துத் திரட்டியவை என்பதால், இந்த விதி என்னை மிகவும் வருத்துகிறது.

பெரிய இசை நிறுவனம் தரும் முன்பணத்தைப் பரிசு என்று நினைத்துக் கையெழுத்திடும் இளைஞர்கள் எத்தனையோ பேர். அது ஒருவகைக் கடன். ஒலிப்பதிவுச் செலவும், காணொளிச் செலவில் ஒரு பகுதியும் பாடகரின் பங்கிலிருந்தே கழிக்கப்படும்; அத்தனையும் அடைபட்ட பிறகுதான் அவர் கைக்கு ராயல்டி வரும். கடனை முழுவதுமாக அடைத்த பின்பும் வீட்டுப் பத்திரம் கடன் கொடுத்தவரிடமே இருப்பதைப் போல, வழக்கமான ஒப்பந்தங்களில் மாஸ்டர் உரிமை, அதாவது மூல ஒலிப்பதிவின் உரிமை, நிறுவனத்திடமே தங்கிவிடுகிறது. நிப்சி இதை வெளியிலிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டவர் அல்லர். எபிக் நிறுவனத்தில் ஒப்பந்தமாகி, முதல் ஆல்பம் வெளிவராமலேயே 2010-இல் அங்கிருந்து விலகி, 'ஆல் மனி இன்' என்ற சொந்த லேபிளை, அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தைத் தொடங்கியவர்.

அதன் பிறகு, முதல் ஸ்டுடியோ ஆல்பமான 'விக்டரி லேப்' 2018 பிப்ரவரியில் வரும்வரை கழிந்த ஏறத்தாழ எட்டு ஆண்டுகளைத்தான் நான் அவருடைய வாழ்க்கையின் மையமாகக் கருதுகிறேன். பெரிய நிறுவனத்தைச் சாராத சுயாதீனக் கலைஞரின் நாளில் பாட்டெழுதும் நேரம் மிகக் குறைவு. பாடலின் பின்னணி இசையான பீட்டைச் செய்தவருக்கு எழுத்துப்பூர்வமான உரிமப் பத்திரம் வேண்டும்; வேறொரு பாடலிலிருந்து சிறு துண்டை எடுத்திருந்தால் அதற்கு அனுமதி பெற வேண்டும்; பாடலில் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை ஒலிப்பதிவு முடிந்த அன்றே எழுதிவைக்க வேண்டும். நண்பர்தானே என்று விட்டுவிட்ட அந்த ஒரு தாள்தான், பாடல் ஓடத் தொடங்கியதும் நட்பையே முறித்துவிடும்.

'விக்டரி லேப்' அட்லாண்டிக் நிறுவனத்தோடு கைகோத்து வெளிவந்ததால் அவரைச் சுயாதீனக் கலைஞர் என்று சொல்லக் கூடாது என வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அந்த வாதம் ஏற்புடையதாக இல்லை. கையில் காசில்லாத இருபது வயதுகளில் ஒரு பெரிய நிறுவனத்தோடு சேர்ந்தவர், பின்னாளில் சொந்த லேபிளோடும் தாமே திரட்டிய ரசிகர்களோடும் இன்னொரு பெரிய நிறுவனத்தின் முன் கூட்டாளியாக அமர்ந்தார். இரண்டும் ஒரே வகையான கையெழுத்து என்று எப்படிச் சொல்வது?

லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்லாசன், கிரென்ஷா சாலைகள் சந்திக்கும் இடத்தில் இளவயதில் தம் குறுந்தகடுகளைக் கையில் வைத்துக்கொண்டு விற்றவர் அவர். பின்னர் அங்கேயே 'மாரத்தான்' துணிக்கடையைத் திறந்தார். கூட்டாளிகளுடன் சேர்ந்து அந்த வணிக வளாகத்தையே வாங்கினார். 2019 மார்ச் 31 அன்று, 33-ஆம் வயதில், அந்தக் கடையின் வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2020 ஜனவரியில் அவருக்கு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன; அவற்றில் ஒன்றுக்கு மேடையேறி நன்றி சொன்னவர்கள் அவருடைய குடும்பத்தினர்.