என்ன எண்ணெய் என்று எழுதி வையுங்கள்

"சுத்தமான தேங்காய் எண்ணெயில் தயாரித்தது" என்று எழுதிய சிப்ஸ் கடைப் போர்டை இனி நான் நம்புவதாக இல்லை. போர்டு மாட்டியவர்கள் மேல் மட்டும் கோபம் என்று நினைக்காதீர்கள். பாதிக் கோபம் வாங்குகிற நம் மேல்தான்.

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை, அப்படியே கேரள எல்லை தாண்டி பாறசாலை, நெய்யாற்றின்கரை. இந்த ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியும், நூறடிக்கு ஒரு சிப்ஸ் கடை. வாசலிலேயே அடுப்பு, அடுப்பு மேல் பெரிய இரும்புச் சட்டி, பக்கத்தில் தார் தாராக ஏத்தங்காய் (நேந்திர வாழைக்காய்). உள்ளே கண்ணாடிப் பெட்டிகளில் சர்க்கரைவரட்டி (வெல்லப் பாகில் புரட்டிய ஏத்தங்காய்த் துண்டு), மரச்சீனி (மரவள்ளி) சிப்ஸ், சக்கை (பலா) சிப்ஸ், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, பழ அல்வா. 1956 நவம்பர் 1-ல் இந்தப் பக்கத்து விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே இருந்துவிட்டது. ஆனால் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்து நீங்கள் எந்த மாநிலத்தில் நிற்கிறீர்கள் என்று சொல்லவே முடியாது. கடைக்காரர் அந்தப் பக்கம் "எந்தா வேண்டே?" என்பார், நாம் தமிழில் பதில் சொல்வோம், அவரும் தமிழில் விலை சொல்லிவிடுவார். அவ்வளவுதான் வித்தியாசம்.

கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போய்விட்டுத் திரும்பும் வண்டிகள் இந்தக் கடைகளில் நிற்கும். மதுரைக்காரர்களும் சென்னைக்காரர்களும் "ஒரிஜினல் கேரளா சிப்ஸ்" என்று கிலோ கணக்கில் அள்ளிக்கொண்டு போவார்கள். எனக்குச் சிரிப்பு வரும். காயில் பாதி களக்காட்டில் இருந்தும் தேனிப் பக்கத்தில் இருந்தும் லாரியில் வந்ததாக இருக்கும். எண்ணெய் காங்கயத்தில் ஆட்டியதாக இருக்கும். சட்டிக்கு முன்னால் நிற்கும் பையன் அசாமோ வங்காளமோ. இதில் கேரளா என்பது செய்முறையும் அந்தத் தேங்காய் எண்ணெய் வாசமும்தான். அந்த வாசமும் இல்லை என்றால் அப்புறம் எதற்குக் கேரளா சிப்ஸ்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

போன தடவை எல்லைப் பக்கம் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) அரைக்கிலோ ஏத்தங்காய் சிப்ஸ் வாங்கினேன். போர்டில் கொட்டை எழுத்தில் தேங்காய் எண்ணெய். வீட்டுக்கு வந்து கவரைப் பிரித்ததும் அம்மா ஒன்றை எடுத்து முகர்ந்தாள், வாயில் போட்டாள், "இதுல எங்க இருக்கு தேங்காண்ணெ?" என்று கேட்டுவிட்டு மிச்சத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டாள். எங்கள் ஊர் அம்மாக்களுக்கு லேப் தேவையில்லை. எண்ணெயில் வாசமும் இல்லை, காறலும் இல்லை. மொறுமொறுப்பு இருந்தது, உப்பு இருந்தது, வாயைக் கட்டும் ஒரு வழவழப்பும் இருந்தது. அது பாமாயில் என்று நானும் அடித்துச் சொல்வேன்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது சண்டைக்கு வருவார்கள். எனக்குப் பாமாயில் மேல் பகை எதுவும் கிடையாது. தமிழ்நாட்டு ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கொடுக்கிறார்கள், எங்கள் வீட்டிலும் வாங்குகிறோம், பூரி சுடுகிறோம். தேங்காய் எண்ணெய் அமிர்தம், பாமாயில் விஷம் என்று பரப்பும் கட்சியில் நான் இல்லை. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 சதவீதம் நிறைகொழுப்புதான், ஒரு கிலோவைத் தனியாளாகத் தின்றால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. என் வழக்கு வேறு. தேங்காய் எண்ணெய் என்று எழுதி, தேங்காய் எண்ணெய் விலை வாங்கி, பாமாயிலில் பொரித்துக் கொடுப்பதற்குப் பெயர் ஏமாற்று.

சிப்ஸில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், பொரித்து எடுத்த வாழைக்காய் சிப்ஸின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். நீங்கள் ஒரு கிலோ சிப்ஸ் வாங்கினால் முந்நூறு கிராமுக்கு மேல் எண்ணெயைத்தான் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். அது எந்த எண்ணெய் என்று கேட்காமல் வாங்குவது, என்ன மீன் என்று கேட்காமல் கூடையோடு வாங்குகிற மாதிரி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ சிப்ஸுக்கு, தோல் போக, தண்ணீர் வற்றிப் போக, மூன்றரை கிலோ காயாவது வேண்டும். காய் கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 175 ரூபாய். 2025-ல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டிப் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். ஓணத்துக்குக் கேரள அரசு சப்ளைகோ கடைகளில் விலையைக் குறைத்து விற்க வேண்டி வந்தது. லிட்டர் 450 என்று போட்டால் சிப்ஸ் குடிக்கிற எண்ணெய் மட்டும் 150-க்கு மேல். ஆக 325. இதில் கேஸ் இல்லை, கூலி இல்லை, கடை வாடகை இல்லை, சட்டியில் கருகி வீணாகும் எண்ணெய் இல்லை. பாமாயில் என்றால் அந்த 150 இருக்கும் இடத்தில் 50 ரூபாய்கூட வராது.

இப்போது சொல்லுங்கள், அந்த விலையில் கிலோ 300 ரூபாய்க்குத் தேங்காய் எண்ணெய்ச் சிப்ஸ் என்று ஒருவர் விற்றால் அவர் தர்மத்துக்கா கடை வைத்திருக்கிறார்? நமக்குக் கணக்குத் தெரியாமல் இல்லை. கணக்குப் போட நாம் விரும்புவதில்லை. போர்டில் தேங்காய் எண்ணெய் என்றும் இருக்க வேண்டும், விலை பாமாயில் விலையாகவும் இருக்க வேண்டும். நாம் கேட்டதைத்தான் அவர்கள் கொடுக்கிறார்கள்.

குழித்துறைப் பக்கம் எனக்குப் பழக்கமான ஒரு சிறிய கடை இருக்கிறது. அங்கே பொரிக்கிற அண்ணன் வயதானவர், இப்போதும் தானேதான் சட்டி முன்னால் நிற்பார். அவர் வேலை பார்ப்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காய் முற்றியிருக்க வேண்டும், பழுக்கத் தொடங்கியிருக்கக் கூடாது. கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோலைச் சீவுவார், கறை ஒட்டாமல் இருக்க. உரித்த காய் மஞ்சள் தண்ணீரில் கொஞ்ச நேரம் கிடக்கும். எண்ணெய் காய்ந்ததும் சீவுகட்டையைச் சட்டிக்கு மேலேயே பிடித்து, காயை நேராக எண்ணெய்க்குள் சீவுவார். வில்லைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விழுவதற்கு அந்த வேகம்தான் காரணம், கையில் தீக்காயத் தழும்புகளுக்கும் அதுதான் காரணம். கொஞ்சம் வெந்ததும் ஒரு கரண்டி உப்புத் தண்ணீரை அப்படியே கொதிக்கிற எண்ணெயில் விடுவார். சட்டி ஒரே சீறலாகச் சீறி நுரை விளிம்பு வரை ஏறும், புதிதாகப் பார்க்கிறவர்கள் இரண்டடி பின்னால் போவார்கள். அவர் அசையமாட்டார். சீறல் அடங்கி, கண்கரண்டியால் கிளறும்போது ஓட்டாஞ்சில்லு மாதிரி கலகலவென்று சத்தம் வரத் தொடங்கியதும் அள்ளிவிடுவார். நிறத்தைப் பார்ப்பதைவிடக் காதால்தான் பக்குவம் பார்க்கிறார்.

எண்ணெய் விலை எகிறிய சமயத்தில் அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, நீங்களும் பாமாயிலுக்கு மாறியாச்சா?"

"மாறினா என்ன, மாறாட்டா என்ன மக்கா? வாறவன் வெலைய மட்டும்தான் கேக்கான். எண்ணெய எவன் கேக்கான்?"

"நான் கேக்கேனே."

"நீ கால் கிலோ வாங்குவ. பஸ்ஸுல வாறவன் அஞ்சு கிலோ வாங்குவான்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் அப்போது செய்தது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு வரி எழுதித் தொங்கவிட்டார். "தேங்காய் எண்ணெய்" என்று ஒரு விலை, "பாமாயில்" என்று ஒரு விலை. இரண்டு சட்டி, இரண்டு பெட்டி. விலை குறைந்ததுதான் அதிகம் போகிறதாம், போகட்டும். காசு இருக்கிறவன் இதை வாங்குகிறான், இல்லாதவன் அதை வாங்குகிறான், யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எனக்கு வேண்டியது இவ்வளவுதான். எல்லாக் கடையிலும் இப்படி ஒரு அட்டை. இதற்குப் பெரிய முதலீடு வேண்டுமா என்ன?

பாக்கெட் சிப்ஸே மேல் என்று சிலர் சொல்வார்கள். ஒரு விதத்தில் உண்மைதான். பாக்கெட்டின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் பாமோலின் (பாமாயில்தான்) என்று போட்டுத்தான் ஆக வேண்டும், தேதி போட்டுத்தான் ஆக வேண்டும். கண் முன்னால் பொரிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் நாம் வாங்குகிற கடையில் அந்த எறும்பு எழுத்தும் கிடையாது. கண் முன்னால் பொரிப்பதைப் பார்க்கிறோம், எந்த டின்னில் இருந்து ஊற்றினார்கள் என்பதைப் பார்ப்பதில்லை. காலையில் நாம் வருவதற்கு முன்னாலேயே ஊற்றி முடிந்திருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. சில்லறையாக விற்கும் இனிப்புத் தட்டுகளில் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்கச் சொல்லி 2020 அக்டோபர் 1 முதல் விதி கொண்டுவந்தார்கள். எங்கள் ரோட்டில் அப்படி எழுதிய தட்டை நான் பார்த்த நினைவில்லை. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கும் வரம்பு உண்டு. எண்ணெய் காயக் காய அதில் சேருகிற கெட்ட பொருட்களின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயில் சமைக்கக் கூடாது, 2018 ஜூலையில் இருந்து இதுதான் விதி. அதை அளக்கக் கையடக்கக் கருவிகூட இருக்கிறது. நமக்கு அது வேண்டாம். சட்டியில் எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல் மேலேயே நின்றால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.

நிறம் பற்றியும் ஒன்று. மஞ்சள்தூள் தண்ணீரில் போட்ட காய் பொரித்தால் பொன்னும் பழுப்புமாக, ஒவ்வொரு வில்லையும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த எலுமிச்சை மஞ்சளாகப் பளபளத்தால் எனக்குச் சந்தேகம் வரும். டார்ட்ரசின் என்ற மஞ்சள் சாயத்துக்குச் சில இனிப்புகளில் அளவோடு அனுமதி உண்டு, சிப்ஸில் கிடையாது.

சிப்ஸைப் பற்றியே பேசி மற்றதை விட்டுவிட்டேன். எண்ணெய் ஏமாற்றில் அதிகம் அடிபடுவது முந்திரிக்கொத்துதான் என்பது என் எண்ணம். பெயரில் முந்திரி இருக்கிறதே என்று வெளியூர்க்காரர்கள் ஏமாந்துவிட வேண்டாம், அது சிறுபயறுப் பண்டம். பயறை வறுத்து, பொடித்து, வெல்லப் பாகு, தேங்காய், சுக்கு, ஏலம் போட்டு உருட்டி, மூன்று மூன்றாகச் சேர்த்து அரிசி மாவுக் கரைசலில் முக்கிப் பொரிப்பது. எங்கள் பக்கம் கல்யாணச் சீர் வரிசையில் இது இல்லாமல் இருக்காது. நல்ல தேங்காய் எண்ணெயில் பொரித்தது வெளியே கல் மாதிரி இருந்தாலும் கடித்தவுடன் உள்ளே மணலாக உதிரும், இரண்டு வாரம் வைத்தாலும் சுக்கு வாசமும் எண்ணெய் வாசமும் கலந்து நிற்கும். மட்டமான எண்ணெயில் பொரித்தது சில நாளிலேயே காறிப்போகும். கடைக்காரர் "நேத்து போட்டது" என்று சத்தியம் பண்ணுவார்.

சர்க்கரைவரட்டிக்கு இந்தப் பிரச்சினை கொஞ்சம் குறைவு. வெல்லமும் சுக்கும் எல்லாவற்றையும் மூடிவிடும். அதனாலேயே அதை நான் நம்புவதில்லை.

கடைக்காரர்களின் அசோசியேஷன்காரர்கள் "இப்படி அட்டை மாட்டினால் வியாபாரம் படுத்துவிடும்" என்பார்கள். படுக்காது. சிப்ஸ் விலை கேட்டு முகம் சுளிக்கிற அதே ஆள்தான் மாலில் பாப்கார்னுக்கு வாய் திறக்காமல் காசு கொடுக்கிறார். காரணம் சொன்னால் விலை கொடுக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு அனுப்ப, மகளின் மாமியார் வீட்டுக்குக் கொண்டுபோக என்று வாங்குகிறவர்கள் பத்து இருபது ரூபாய்க்குப் பார்க்கமாட்டார்கள். நல்ல எண்ணெயில் உண்மையாகப் பொரிக்கிறவருக்குத்தான் இன்றைக்கு நஷ்டம். பக்கத்துக் கடைக்காரர் அதே போர்டை மாட்டி நூறு ரூபாய் குறைத்து விற்றால் அவர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? ஒரு நாள் அவரும் டின்னை மாற்றிவிடுவார்.

வெள்ளை ஈயும் வேர்வாடல் நோயும் பொள்ளாச்சி வரைக்கும் தென்னையைத் தின்றுகொண்டிருக்கின்றன. தேங்காய் எண்ணெய் பழைய விலைக்குத் திரும்பும் என்று நான் காத்திருக்கப் போவதில்லை. வாங்குகிற அளவைக் குறைத்துக்கொண்டேன். முன்பு அரைக்கிலோ வாங்கிய இடத்தில் இப்போது கால் கிலோ, ஆனால் அட்டை மாட்டிய அண்ணன் கடையில். ஆவணியில் ஓணத்துக்குக் காய் விலை ஏறி நிற்கும்போது போகமாட்டேன். ஓணம் கழிந்து காய் மலிந்ததும் போவேன்.

பாறசாலையில் இருந்து தக்கலை வரைக்கும் என்ன எண்ணெய் என்று எழுதி வைத்திருக்கும் கடை வேறு எங்கேயாவது இருந்தால் கமெண்டில் சொல்லுங்கள். முக்கியமாகச் சக்கைச் சிப்ஸுக்கு. குழித்துறை அண்ணன் சக்கை போடுவதில்லை, அறுத்துச் சுளை எடுக்க ஆள் கிடைக்கவில்லையாம்.