குதிரைக்கு ஊசி போடலாமா என்று கேட்பவர்களுக்கு

நெல்லைப் பக்கம் குதிரை வைத்திருப்பவர்கள் நடுவே, கோயில் கொடைகளும் வண்டிப் பந்தயங்களும் நெருங்கும் சமயத்தில் ஒரு பேச்சு தவறாமல் எழுகிறது. "இப்பம் ஊசி போட்டா குதிரை மந்தமாயிரும்லா அண்ணாச்சி" என்பார் ஒருவர். "போடாம விட்டு ஏதும் ஆயிட்டுன்னா யாரு பொறுப்பு?" என்பார் இன்னொருவர். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். கடைசியில் டீ குடித்துவிட்டு ஒன்றும் முடிவு செய்யாமல் கலைந்துவிடுவார்கள். எல்லா நோய்களையும் ஒரே ஊசியில் சேர்த்து வைத்துப் பேசுவதால்தான் இந்தப் பேச்சு முடிவுக்கு வருவதில்லை என்பது என் எண்ணம். நம் மாவட்டத்துக் குதிரைக்கு யோசிக்காமல் போட வேண்டிய ஊசிகள் இரண்டு உண்டு. யோசித்து முடிவு செய்ய வேண்டிய ஊசி ஒன்று உண்டு. ஊசியே இல்லாத நோய்களும் சில உண்டு. இவற்றைப் பிரித்துப் பார்த்தால் வாதத்தில் பாதி தானே அடங்கிவிடும்.

முதலாவது டெட்டனஸ் என்னும் ரண ஜன்னி. வீட்டு விலங்குகளில் இந்த நோய்க்கு மிக எளிதாக ஆளாவது குதிரைதான். நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். குதிரையின் குடலிலும் சாணத்திலும் இருக்கும். ஆகவே எவ்வளவு சுத்தமாகக் கொட்டகையை வைத்திருந்தாலும் அந்த வித்துகள் அங்கே இல்லாமல் போவதில்லை. ஆழமாகக் குத்தி மேலே மூடிக்கொள்ளும் காயம், அதாவது காற்றுப் புகாத காயம், அவை முளைப்பதற்கு வசதியான இடம். உள்ளங்குளம்பில் ஏறிய ஆணி, லாடம் அடிக்கையில் சற்று உள்வாங்கிப் போன ஆணி, வேலி முள் கீறி மேலே காய்ந்துவிட்ட புண் என இவற்றில் ஏதேனும் ஒன்று நேராத குதிரை நம் ஊரில் உண்டா? காயம் ஆறி, அதை நாம் மறந்தே போன பிறகு, ஓரிரு வாரம் கழித்துக்கூட நோய் தலைகாட்டும்.

வள்ளியூர்ப் பக்கம் ஒரு கொட்டகையில் அந்த நோய் கண்ட குதிரையை நான் பார்த்திருக்கிறேன். கால்கள் நான்கையும் அகட்டிக்கொண்டு, மரத்தில் செய்து நிறுத்தியதுபோல நின்றது. காதுகள் விறைத்து நின்றன, வால் உடம்பைவிட்டு விலகித் தூக்கி நின்றது, தாடையை விரல் நுழையுமளவுக்குக்கூடத் திறக்க முடியவில்லை. மருத்துவர் தாடைக்கு அடியில் லேசாகத் தட்டியபோது, கண்ணின் உள்மூலையிலிருந்து வெளுத்த சவ்வொன்று விழியின் பாதி வரை வந்து மூடி, மெல்ல உள்ளே போயிற்று. பக்கத்து வீட்டுத் தகரக் கதவு காற்றில் அடித்துக்கொண்ட ஒவ்வொரு முறையும் உடம்பு முழுவதும் வெட்டி இழுத்தது. குதிரைக்காரர் அதன் காதுகளில் பஞ்சை அடைத்து, வாசலில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கி, வாய்க்குள் போகாது என்று தெரிந்தும் வாளியில் தவிட்டுத் தண்ணீரை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். குதிரை பிழைக்கவில்லை. இந்த நோய் கண்ட குதிரைகளில் பாதிக்கு மேல் பிழைப்பதில்லை. பிழைப்பவையும் வாரக்கணக்கில் பராமரித்த பிறகே எழுகின்றன.

இதைத் தடுக்க முதலில் இரண்டு ஊசிகளை நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் போட வேண்டும். அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறை போதும். "காயம் பட்டதும் டி.டி. (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டுக்கிடலாம்" என்று நம்மவர்கள் சொல்வதில் ஒரு குழப்பம் இருக்கிறது. தடுப்பூசி என்பது குதிரையின் உடம்பே எதிர்ப்பை உண்டாக்கும்படி பழக்குவது. முதல் முறை போடும் குதிரைக்கு அது வேலை செய்யத் தொடங்கவே வாரங்கள் பிடிக்கும். காயம் பட்ட அன்றே பலன் தருவது நச்சு முறிவு சீரம் என்னும் வேறு மருந்து. ஏற்கெனவே எதிர்ப்பு உண்டான இன்னொரு குதிரையின் இரத்தத்திலிருந்து எடுக்கப்படுவதால் அது உடனே காக்கும், ஆனால் சில வாரங்களில் கரைந்துவிடும். (நம் ஊர் மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்கு ஏற்றப்படும் மருந்தும் குதிரையின் இரத்தத்திலிருந்தே வருகிறது என்பதைக் குதிரை வளர்ப்பவர்களிலேயே பலர் அறிந்திருக்கவில்லை.) சீரம் போட்ட குதிரைகளில் மிகச் சிலவற்றுக்குப் பல வாரம் கழித்துக் கல்லீரல் கடுமையாகப் பழுதுபடுவதும் உண்டு. ஊசியே ஆபத்து என்று சொல்லி ஆண்டு ஊசியைத் தவிர்ப்பவர், காயம் படும்போதெல்லாம் அதைவிட அபாயம் கூடிய மருந்தை நம்பி நிற்கிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மந்தமாகும் என்ற பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். ஊசி போட்ட கழுத்துப் பக்கம் வீங்குவதும், இரண்டொரு நாள் குதிரை தலையைத் தாழ்த்தவே தயங்குவதும், லேசாகக் காய்ச்சல் காண்பதும் உண்மைதான். அந்த வீக்கத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1920களில் பிரான்சில் காஸ்டன் ராமோன் என்ற ஆய்வாளர், ஊசி போட்ட இடத்தில் வீங்கிய குதிரைகளின் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி கூடுதலாக இருப்பதைக் கவனித்து, மருந்தோடு மரவள்ளி மாவைக்கூடக் கலந்து போட்டுப் பார்த்தார். இன்று மரவள்ளிக்குப் பதிலாக அலுமினிய உப்பு போன்றவற்றைச் சேர்க்கிறார்கள். ஆக, அளவான வீக்கம் மருந்து வேலை செய்வதோடு சேர்ந்தே வருவது. பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் போய் ஊசி போடுவதுதான் தவறே தவிர, போடுவது தவறாகாது. பந்தயம் இல்லாத மாதத்தில் போட்டுவிட்டால் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. காய்ச்சலோ வயிற்றுவலியோ இருக்கும் குதிரைக்கு அது தெளிந்த பிறகே போட வேண்டும். சினைக்குதிரைக்குக் குட்டி போடுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பு போட்டால் சீம்பால் வழியாகக் குட்டிக்கும் காப்புக் கிடைக்கும்.

இரண்டாவது ரேபிஸ். இதில் வாதத்துக்கே இடமில்லை என்பேன். நம் தெருக்களில் நாய்கள் இருக்கும் நிலையை நான் விவரிக்க வேண்டியதில்லை. இரவில் கொட்டகையில் கட்டிக் கிடக்கும் குதிரையை நாய் கடித்தால், காலில் இருக்கும் சிறு பல் தடம் நம் கண்ணுக்குப் படாமலே போகலாம். நோய் தெரிய வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். தெரிந்த பிறகு மருந்து கிடையாது. குதிரைக்கு வரும் ரேபிஸ் எப்போதும் வெறியாகவே வெளிப்படும் என்று எண்ணிவிடவும் கூடாது. வயிற்றுவலி போலப் புரளும், ஒரு காலை இழுத்து நொண்டும், விழுங்க முடியாமல் எச்சில் வழிய நிற்கும். தொண்டையில் ஏதோ அடைத்திருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் கையை விட்டுப் பார்ப்பதுதான் குதிரைக்காரர் முதலில் செய்யும் காரியம். அங்கேதான் இது குதிரையின் நோயாக மட்டும் நிற்காமல் மாப்பிள்ளை அழைப்பில் குதிரை ஏறும் பையனுக்கும், திருச்செந்தூர்க் கடற்கரையில் ஏறிச் சுற்றும் குழந்தைக்கும், கொள்ளு வைக்கும் வீட்டுப் பெண்ணுக்கும் உரிய விஷயமாகிறது. ஆண்டுக்கு ஒரு ஊசி. அதன் விலை ஒரு மாதத் தீவனச் செலவின் பக்கத்தில்கூட வராது. ஊசி போட்ட குதிரையை நாய் கடித்தாலும் காயத்தைச் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் சொல்லி மறுபடியும் போட வேண்டும்.

மூன்றாவது இன்ஃபுளுயன்சா. யோசிக்க வேண்டியது இங்கேதான். இது பெரும்பாலும் குதிரையைக் கொல்வதில்லை. ஆனால் ஒரு கொட்டகையில் ஒன்றுக்கு வந்தால் சில நாளில் எல்லாவற்றுக்கும் வரும். வறட்டு இருமலும் காய்ச்சலுமாகக் கிடந்த குதிரைக்கு, காய்ச்சல் அடித்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வாரம் ஓய்வு என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. அதை மீறி வண்டியில் பூட்டினால் நுரையீரல் நிரந்தரமாகக் கெட்டுப்போகக்கூடும். இந்தியாவில் 1987இல் ஒரு முறை பெரிதாகப் பரவியது. 2008இல் ஜம்மு அருகே கட்ராவில் தொடங்கி மறு ஆண்டுக்குள் பல மாநிலங்களுக்குப் போயிற்று. அது வட இந்திய விவகாரம் என்று ஒதுக்கலாம்தான். ஆனால் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் கத்தியவார், மார்வாரி என்னும் வட இந்திய இனக் குதிரைகளும் ஒரே திடலில் நிற்க, அங்கே வாங்கிய குதிரையை லாரியில் ஏற்றி நேராக நம் கொட்டகையில் கொண்டுவந்து கட்டுகிறோமே!

என் கருத்து இதுதான்: ஊரைவிட்டு வெளியே போகாமல், வேறு குதிரையோடு கலக்காமல் இருக்கும் ஒற்றைக் குதிரைக்கு இந்த ஊசி கட்டாயம் இல்லை. பந்தயத்துக்கும் சந்தைக்கும் போய்வரும் குதிரைக்குப் போட வேண்டும். அதுவும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. சந்தையிலிருந்து வந்த புதுக் குதிரையை மூன்று வாரமாவது தனியாகக் கட்ட வேண்டும். ஊசி போட்டாலும் இதை விடக் கூடாது.

ஊசியே இல்லாத நோய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாட்டு ஈ கடித்துப் பரவும் சர்ரா நோய்க்குத் தடுப்பூசி கிடையாது. ஈயைக் கட்டுப்படுத்துவதும், மெலிவும் விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் கண்டவுடன் இரத்தத்தைச் சோதிப்பதும்தான் வழி. மனிதருக்கும் தொற்றிக் கொல்லக்கூடிய கிளாண்டர்ஸ் நோய்க்கும் ஊசி இல்லை. சோதனையில் உறுதியானால் சட்டப்படி அந்தக் குதிரையைக் கொன்றே ஆக வேண்டும். "எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று சொல்லி விற்கப்படும் குதிரையை வாங்குபவர் இதை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும். இன்னொன்றும் உண்டு. ஒரே ஊசி முனையால் வரிசையாக நாலைந்து குதிரைக்குக் குத்திக்கொண்டு போகும் வழக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். சர்ராவும், குதிரைகளுக்கே உரிய தொற்று இரத்தசோகையும் அந்த முனை வழியாகவே ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகும். குதிரைக்கு ஒரு முனை என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

"நம்ம தாத்தா காலத்துல ஊசியா போட்டாவ?" என்ற கேள்விக்கு நம் மண்ணிலேயே விடை இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தருகே இருந்த காயல் துறைமுகத்தில் பாண்டியர்களுக்காக அரபு நாட்டுக் குதிரைகள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கின. அவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடியும் முன்பே செத்துப்போயின என்றும், லாடம் அடிக்கவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்களை வணிகர்கள் இங்கே வரவிடவில்லை என்றும் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். அவர் சொல்லும் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் செத்த குதிரைகளுக்குப் பதிலாக ஆண்டுதோறும் புதிதாக வாங்கிக் குவிக்கப் பாண்டியனுக்குக் கஜானா இருந்தது, நமக்கு இல்லை.

ஊசியைப் புறக்கணிப்பவர்களை மட்டும் குறை சொல்வதும் சரியாகாது. போட விரும்புகிறவருக்கும் மருந்து எளிதாகக் கிடைப்பதில்லை. கோமாரி ஊசி முகாம் தெரு முனைக்கே வருகிறது. ஆனால் கோமாரி பிளவுபட்ட குளம்புள்ள விலங்குகளின் நோய், குதிரைக்கு வருவதில்லை. குதிரைக்கென்று முகாம் எதுவும் வராததால், அரசே போடாத ஊசி நமக்கு எதற்கு என்ற எண்ணம் வளர்ந்துவிட்டது. 2019 கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலும் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் சேர்த்தே ஏறத்தாழ 3.4 லட்சம்தான், 2012இல் இருந்ததைவிட 45 சதவீதத்துக்கு மேல் குறைவு. அப்படியிருக்க, எந்த மருந்துக் கடைக்காரர் வாங்கி அடுக்கி வைப்பார்? ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே நாளில் மருத்துவரை வரவழைப்பதும், ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் முன்கூட்டியே விசாரித்து வைப்பதும் நடைமுறைக்கு ஒத்த வழிகள். மருந்தை 2 முதல் 8 டிகிரி வரையிலான குளிர்ச்சியில் கொண்டுவர வேண்டும். சித்திரை வெயிலில் பைக்கின் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் அது கெடும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஐஸ் கட்டியோடு ஒட்டவைத்து உறையவிட்டாலும் டெட்டனஸ் மருந்து கெட்டுவிடும் என்பது பலருக்குத் தெரியாது. நடுவில் ஒரு துணியையோ அட்டையையோ வைத்துக் கொண்டுவர வேண்டும்.

கடைசியாகப் பந்தயக் கமிட்டிகளுக்கு ஒன்று. ஜல்லிக்கட்டுக் காளைக்கு மருத்துவர் சான்று கேட்கிறோம். உலக அளவிலான குதிரையேற்றப் போட்டிகளில், கடைசி இன்ஃபுளுயன்சா ஊசி போட்டு ஆறு மாதமும் 21 நாளும் தாண்டியிருந்தால் குதிரையை உள்ளே விடுவதில்லை. போட்டித் திடலுக்கு வருவதற்கு முந்தைய ஏழு நாளுக்குள் போட்டிருந்தாலும் விடுவதில்லை. அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், பெரிய குதிரையானாலும் சின்னக் குதிரையானாலும் டெட்டனஸ், ரேபிஸ் ஊசி போட்ட அட்டையைக் காட்டினால்தான் வண்டி பூட்டலாம் என்ற விதியை நம் கமிட்டிகள் கொண்டுவர முடியும். நுழைவுக் கட்டணத்தையும் பரிசுத் தொகையையும் அச்சடிக்கும் அதே நோட்டீஸில் இதற்கும் ஒரு வரி போதும்; பந்தயத்துக்கு இரண்டு மாதம் முன்பே அதை ஒட்டிவிட்டால், ஊசி போட்டு வீக்கம் வடிந்து குதிரை தெளிந்து வருவதற்கு வேண்டிய நாளும் கிடைக்கும்.